நாக்கடிஷ் என்ற சின்ன ஊரும் குவான்குவான் என்ற பெண்ணும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாக வாசியுங்கள்.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் வடமேற்கில் ஒரு சிறிய ஊர் இருக்கிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் "நாச்சிடோசஸ்" என்று படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் "நாக்கடிஷ்" என்கிறார்கள். இது அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளின் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்கள் வழக்கப்படி எழுதினார்கள். பின்னால் வந்த ஆங்கிலம் பேசுகிறவர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி சொன்னார்கள். திருவல்லிக்கேணியை "ட்ரிப்ளிகேன்" என்றும் தூத்துக்குடியை "டூட்டிகொரின்" என்றும் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

டல்லாஸில் மகள் வீட்டில் இருக்கிறோம். அங்கிருந்து காரில் கிழக்கே ஷ்ரீவ்போர்ட் வரை மூன்று மணி நேரம், பிறகு தெற்கே ஒன்றேகால் மணி நேரம். மாப்பிள்ளை வண்டி ஓட்ட, நானும் என் மனைவியும் மகளும் பேத்தியும் போய் இரண்டு நாள் தங்கினோம். ஊரின் மக்கள்தொகை சுமார் 18,000. நம் கணக்கில் ஒரு பேரூராட்சி. ஆனால் வரலாறு நடத்திய ஒருவனுக்கு இரண்டு நாள் போதவில்லை.

முதலில் ஊர் பிறந்த கதை.

1714இல் லூயி ஜூஷெரோ த சேன் தெனி என்ற பிரெஞ்சுத் தளபதி ரெட் ரிவர் என்ற ஆற்றின் வழியாக மேலேறி வந்தார். நாக்கடிஷ் மக்கள் கேடோ என்ற பெரிய இனக்கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய ஊரை ஒட்டி ஒரு வணிகக் களஞ்சியத்தை அமைத்தார். நியூ ஆர்லியன்ஸ் நகரம் பிறந்தது 1718இல். அதைவிட இந்தச் சின்ன ஊர் நான்கு வயது மூத்தது. பிற்காலத்தில் அமெரிக்கா பிரான்ஸிடம் விலைக்கு வாங்கிய அந்தப் பெரும் நிலப்பரப்பில், ஐரோப்பியர்கள் நிலையாகக் குடியேறிய முதல் ஊர் இதுதான்.

இவ்வளவு உள்நாட்டில் எதற்கு வந்தார்கள்? மேற்கே ஸ்பெயினின் ஆதிக்கம். அந்தப் பக்கத்தோடு வியாபாரம் செய்ய வேண்டும், அதே சமயம் அவர்களைத் தடுத்தும் வைக்க வேண்டும். ஸ்பெயினும் சும்மா இருக்கவில்லை. இங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் தொலைவில் லோஸ் அடாயெஸ் என்ற கோட்டையைக் கட்டியது. 1729 முதல் நாற்பது வருடங்களுக்கும் மேலாக ஸ்பானிய டெக்ஸாஸின் தலைநகரமாக இருந்தது அதுதான். இரண்டு பேரரசுகளின் எல்லை. ஆனால் சேன் தெனி மணந்தது ஒரு ஸ்பானியத் தளபதியின் வீட்டுப் பெண்ணை. எல்லைக்கு அந்தப்புறம் சம்பந்தி, இந்தப்புறம் பீரங்கி.

நம் ஊர் நண்பர்களுக்காக ஒரு விஷயம். 1719 முதல் 1731 வரை லூசியானாவை நிர்வகித்தது பிரெஞ்சு இந்தியக் கம்பெனி. அதே கம்பெனிதான் அதே ஆண்டுகளில் நம் புதுச்சேரியையும் நிர்வகித்தது. ஒரே முதலாளி. ஒரு கணக்கேட்டில் புதுச்சேரித் துணி. இன்னொன்றில் லூசியானாவின் புகையிலையும் அவுரியும். இரண்டிலுமே அடிமை வியாபாரம் உண்டு. லூசியானாவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பலில் கொண்டு வந்தது கம்பெனி. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் நம் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். "இது யாருடைய கதையோ" என்று தள்ளி வைக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

"கிரியோல்" என்ற சொல்லும் நமக்கு அந்நியமில்லை. பிரெஞ்சு ரத்தமும் இந்திய ரத்தமும் கலந்த குடும்பங்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். லூசியானாவில் அந்தச் சொல் முதலில் நிறத்தைக் குறிக்கவில்லை. காலனியிலேயே பிறந்தவர் கிரியோல், அவ்வளவுதான். பிரெஞ்சுப் பெற்றோருக்கு இங்கே பிறந்த வெள்ளைக் குழந்தையும் கிரியோல், இங்கே பிறந்த கறுப்பின அடிமைக் குழந்தையும் கிரியோல். நாளடைவில் பிரெஞ்சு மொழியும் கத்தோலிக்க சமயமும் கலப்புப் பிறப்பும் கொண்ட ஒரு சமூகத்தின் பெயராகவும் அது நிலைத்தது.

ஆட்சி மாறிய வேகத்தையும் சொல்ல வேண்டும். 1762இல் பிரான்ஸ் இந்தப் பகுதியை ஸ்பெயினுக்குக் கொடுத்தது. 1800இல் ஒப்பந்தம் போட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1803இல் நெப்போலியன் ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றுவிட்டார். ஒரே மனிதர் தன் வாழ்நாளில் ஊரைவிட்டு நகராமலே மூன்று நாடுகளின் ஆட்சியில் வாழ்ந்திருக்க முடியும். அப்படி வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அதற்கு முன் ஊரைப் பற்றி நாலு வார்த்தை.

செங்கல் பாவிய ஒரு பழைய வீதி. ஒரு பக்கம் இரும்பு வேலைப்பாடு கொண்ட பால்கனிகளுடன் இரண்டு மாடிக் கட்டடங்கள். மறுபக்கம் சரிந்து இறங்கும் புல்வெளி, கீழே தண்ணீர். பார்த்தால் ஆறு போல் இருக்கும். உண்மையில் ஏரி. ரெட் ரிவரில் ஒரு காலத்தில் 150 கிலோமீட்டருக்கும் மேல் நீளத்துக்கு மரக்கட்டைகள் அடித்து வந்து அடைத்துக் கிடந்தன. 1830களில் ஹென்றி ஷ்ரீவ் என்பவர் நீராவிப் படகுகளை வைத்து அந்த அடைப்பை வெட்டி எடுக்க ஆரம்பித்தார். ஷ்ரீவ்போர்ட் நகரம் அவர் பெயரில் வந்ததுதான். அந்தக் காலகட்டத்தில் ஆறும் தடம் மாறி விலகிப் போனது. நாக்கடிஷின் துறைமுக வாழ்வு மெல்ல முடிந்தது. பழைய ஆற்றுத்தடம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் நீள ஏரியாகத் தங்கிவிட்டது. அதற்குப் பெயர் கேன் ரிவர் ஏரி. ஆறு போனதால் பெரிய வளர்ச்சி வரவில்லை. வளர்ச்சி வராததால் பழைய கட்டடங்கள் இடிபடாமல் தப்பின. நம் ஊர்களிலும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

சாப்பாட்டைக் கேட்பீர்கள். இங்கே "மீட் பை" பிரபலம். அரைவட்ட வடிவம், விளிம்பில் மடிப்பு, எண்ணெயில் பொரித்தது. பார்த்ததும் என் மனைவி "நம்ம சோமாசி" என்றாள். உள்ளே தேங்காய், பொட்டுக்கடலைக்குப் பதில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் மிளகாய்க் காரத்தோடு. சினிமா பார்க்கிறவர்களுக்கு: 1989இல் வந்த "ஸ்டீல் மேக்னோலியாஸ்" படம் இந்த ஊரில் எடுக்கப்பட்டது. எழுதிய ராபர்ட் ஹார்லிங் இந்த ஊர்க்காரர். இறந்துபோன தன் தங்கையின் கதையைத்தான் அவர் முதலில் நாடகமாக எழுதினார். வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தில் வந்த வீடுகளைத் தேடித்தான் வருகிறார்கள். நாங்கள் தேடிப் போனது வேறு.

1742இல் சேன் தெனியின் வீட்டில் ஓர் அடிமைக் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானப் பெயர் மரி தெரேஸ். வீட்டில் அழைத்த பெயர் குவான்குவான். இது மேற்கு ஆப்பிரிக்காவின் ஈவே மொழியில் இரண்டாவது பெண் குழந்தைக்கு வைக்கும் பெயரின் திரிபாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்பா பிரான்சுவா, அம்மா பிரான்சுவாஸ். இருவரும் அடிமைகள். பெற்றோர் இருவரும் 1758இல் பரவிய கொள்ளைநோயில் இறந்தார்கள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

அப்போதைய சட்டம் "கறுப்புச் சட்டம்" எனப்பட்டது. லூசியானாவுக்கென 1724இல் பிறப்பிக்கப்பட்டது. அடிமைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் தர வேண்டும் என்றது. வெள்ளையரும் கறுப்பரும் மணக்கக் கூடாது, சேர்ந்தும் வாழக் கூடாது என்றது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்றது. தகப்பன் யார் என்பது கணக்கிலேயே வராது.

பிரான்ஸின் லா ரொஷேல் துறைமுகத்திலிருந்து குளோத் தோமா பியேர் மெத்வாயே என்ற வணிகர் இங்கே வந்தார். 1767 வாக்கில் குவான்குவானை அவள் உடைமைக்காரியிடமிருந்து வேலைக்கென்று வாடகைக்கு எடுத்தார். வாடகைக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். வண்டி மாடு போல. அவளுக்கு ஏற்கெனவே பிள்ளைகள் இருந்தார்கள். மெத்வாயேவின் வீட்டில் மேலும் பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். 1768இல் பிறந்த இரட்டைக் குழந்தைகள் முதல் இருவர். மகன் நிக்கொலா ஒகுஸ்தீன், மகள் மரி சுசான்.

ஊருக்குத் தெரிந்த ரகசியம் இது. 1777இல் கின்தானில்யா என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுத்துமூலம் புகார் கொடுத்தார். திருமணம் இல்லாமல் பிள்ளைகள் மேல் பிள்ளைகள் பெறுவது ஊருக்கே கேடு என்று வழக்காக்கினார். மறு வருடம், 1778இல், மெத்வாயே அவளை விலைக்கு வாங்கி, அவளையும் கைக்குழந்தையையும் விடுதலை செய்தார். மற்ற பிள்ளைகளில் சிலரையும் வாங்கினார். அதாவது சொந்தப் பிள்ளைகளைப் பணம் கொடுத்து வாங்கினார். வாங்கியதும் எல்லாரையும் விட்டுவிடவும் இல்லை. பலர் நெடுங்காலம் சட்டப்படி தகப்பனின் அடிமைகளாகவே இருந்தார்கள்.

1786இல் இருவரும் பிரிந்தார்கள். பிறகு அவர் ஒரு வெள்ளை விதவையை மணந்துகொண்டார். பிரியும்போது குவான்குவானுக்கு அவர் கொடுத்தது ஆற்றங்கரையில் சுமார் 68 ஏக்கர் நிலமும் வருடாந்தரம் ஒரு தொகையும். அவளுக்கு வயது 44. அக்காலத்தில் அது முதுமையின் வாசல். அவளுடைய வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது.

புகையிலை பயிரிட்டாள். மாடு வளர்த்தாள். கரடி வேட்டைக்கு ஏற்பாடு செய்து தோலையும் கொழுப்பையும் விற்றாள். 1792இல் அவளுடைய புகையிலையும் தோலும் கரடிக் கொழுப்பும் ஏறிய படகு நியூ ஆர்லியன்ஸுக்குப் போன பதிவு இருக்கிறது. 1794இல் ஸ்பானிய அரசிடமிருந்து மேய்ச்சலுக்கென ஒரு பெரிய நிலத்தை மானியமாகப் பெற்றாள். சுமார் 670 ஏக்கர்.

சம்பாதித்த பணத்தில் முதலில் என்ன செய்தாள்? பிள்ளைகளை மீட்டாள். மெத்வாயேவுக்கு முன் பிறந்து மற்றவர்கள் வீட்டில் அடிமையாக இருந்த மகள்களைத் தவணை முறையில் பணம் கட்டி விடுவித்தாள். பேரப்பிள்ளைகளுக்கும் அப்படியே முயன்றாள். 1802இல் மெத்வாயேவிடம் ஓர் ஒப்பந்தம். "எனக்குத் தரும் வருடாந்தரத் தொகை இனி வேண்டாம், மீதிப் பிள்ளைகளை விடு" என்பது அதன் சாரம். அவரும் கையெழுத்திட்டார்.

இதுவரை கேட்டால் யாருக்கும் மனம் நெகிழும். இத்தோடு நிறுத்தினால் நல்ல பேச்சுப்போட்டிக் கதை. நிறுத்த முடியாது. அடுத்த பத்திரமும் அதே ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது.

குவான்குவான் அடிமைகளை வாங்கினாள். உறவினர்களை மீட்க வாங்கியதை நான் சொல்லவில்லை. வயலில் வேலை செய்ய வாங்கினாள். அவர்களில் சிலர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். 1816 வாக்கில் அவள் இறக்கும்போது அவளுடைய சொத்துக்கணக்கில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மனிதர்கள் இருந்தார்கள். அவள் பிள்ளைகள் இன்னும் மேலே போனார்கள். கேன் ரிவர் கரையில் ஐல் பிரெவெல் என்ற பகுதி முழுக்க அவர்கள் பண்ணைகள். 1830 வாக்கில் மெத்வாயே உறவுக் குடும்பங்களின் உடைமையில் இருந்த அடிமைகள் இருநூறு பேருக்கு மேல். வெள்ளையரும் அல்லாத, அடிமையும் அல்லாத "நிறமுள்ள சுதந்திர மக்கள்" என்ற நடுத்தட்டு அது. பிரெஞ்சு பேசினார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். வெள்ளையரோடு கடன் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். தங்களுக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொண்டார்கள். தங்களுக்குக் கீழே இருந்தவர்களோடு கலக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் வகுப்பறையில் ஒரு கை உயரும். "சார், அப்போ அவங்க நல்லவங்களா, கெட்டவங்களா?" முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனை பேரைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ராஜராஜன், ஔரங்கசீப், கிளைவ் என்று பட்டியல் நீளும்.

என் பதில் இது. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "அந்த ஊரில் மேலே ஏற என்னென்ன வழிகள் இருந்தன?" என்று கேட்க வேண்டும். நிலம் வேண்டும், நிலத்தில் உழைக்க ஆள் வேண்டும், ஆள் என்றால் அடிமை. அடிமை முறையின் கொடுமை சவுக்கில் மட்டும் இல்லை. அதிலிருந்து தப்பி வந்தவரையும் அதே ஏணியில்தான் ஏறச் செய்தது. இதைச் சொல்வது அவளுக்கு வக்காலத்து அல்ல. அவள் வாங்கிய மனிதர்களுக்கும் அம்மா இருந்திருப்பாள். அந்த அம்மாவுக்குத் தவணை கட்ட 68 ஏக்கர் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக வேண்டும். மாணவர்களால் அதைத் தாங்க முடியும். பெரும்பாலும் தாங்க முடியாதவர்கள் பெரியவர்கள்தான்.

ஊருக்குத் தெற்கே மெல்ரோஸ் என்ற பண்ணை இருக்கிறது. குவான்குவான் கட்டிய பண்ணை என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. 1974இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோதும் அந்தக் கதை கூடவே வந்தது. பிறகு கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் என்ற ஆய்வாளர் தம்பதியர் கோயில் பதிவேடுகள், நில மானியங்கள், விற்பனைப் பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் படித்தார்கள். அந்த நிலம் 1796இல் வழங்கப்பட்டது அவள் மகன் லூயி மெத்வாயேவுக்கு என்று தெரிந்தது. அதிலும் ஒரு விசித்திரம். லூயி சட்டப்படி விடுதலை பெற்றது 1802இல். அதாவது மானியம் வாங்கிய நாளில் அவரே ஓர் அடிமை. சட்டப் புத்தகம் ஒன்று சொன்னது, ஊர் வேறொன்று செய்தது. ஆவணம் கதையைக் கெடுத்துவிட்டதா? கதையைவிட ஆழமான ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறது என்பேன்.

1847இல் கடன் சுமையில் அந்தப் பண்ணை மெத்வாயே குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. பிற்காலத்தில் கேமி ஹென்றி என்ற வெள்ளைப் பண்ணையார் அம்மா அதை எழுத்தாளர்களும் ஓவியர்களும் வந்து தங்கும் இடமாக்கினார். அங்கே சமையலறையில் வேலை செய்த ஒரு கறுப்பினப் பெண் கிளமென்டீன் ஹன்ட்டர். எழுதப் படிக்கத் தெரியாது. இளம் வயதில் வயலில் பருத்தி எடுத்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, வந்து தங்கிய ஓவியர் ஒருவர் விட்டுச்சென்ற வண்ணங்களை எடுத்து வரைய ஆரம்பித்தார். பருத்தி எடுப்பது, துணி துவைப்பது, ஆற்றில் ஞானஸ்நானம், சாவு ஊர்வலம், சனிக்கிழமை இரவின் கூத்து. அட்டை, பலகை, புட்டி, கிடைத்ததில் எல்லாம் வரைந்தார். ஆயிரக்கணக்கான படங்கள். 1955இல் மெல்ரோஸில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் பெரிய சுவரோவியங்களைப் பண்ணினார். அவற்றின் முன் நாங்கள் வெகுநேரம் நின்றோம்.

அதே 1955இல் ஊர்க் கல்லூரியில் அவருடைய படங்களுக்குக் கண்காட்சி வைத்தார்கள். நிறப் பாகுபாடு இருந்த காலம். வெள்ளைப் பார்வையாளர்கள் இருக்கும்போது படங்களை வரைந்தவருக்கே உள்ளே அனுமதி இல்லை. யாரும் இல்லாத நேரத்தில் பின்வாசல் வழியாக அழைத்துப்போய்க் காட்டினார்கள். 1986இல் அதே நிறுவனம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1988 ஜனவரி முதல் நாள், 101 வயதில், காலமானார். பண்ணைகளைப் பற்றி முதலாளிகள் எழுதிய கடிதங்கள் நிறைய உண்டு. வேலை செய்தவர் பக்கத்திலிருந்து பார்த்த பதிவு அபூர்வம். எழுத்து தெரியாத கிளமென்டீன் அதை வண்ணத்தில் எழுதி வைத்தார்.

பக்கத்திலேயே ஐல் பிரெவெலில் புனித அகுஸ்தீன் தேவாலயம். இரட்டைக் குழந்தைகளில் ஒருவரான ஒகுஸ்தீன் மெத்வாயே முன்னின்று தங்கள் மக்களுக்காகக் கட்டியது. 1829இல் அர்ச்சிக்கப்பட்டது. அமெரிக்காவில் நிறமுள்ள சுதந்திர மக்கள் தாங்களே கட்டிக்கொண்ட மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. இன்றுள்ள கட்டடம் பிற்காலத்தது. ஒகுஸ்தீனின் ஆளுயர ஓவியம் ஒன்று உண்டு. நல்ல கோட்டு, நிமிர்ந்த பார்வை, தான் கட்டிய கோயிலை நோக்கி நீட்டிய கை. அடிமையாகப் பிறந்தவர் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் மெத்வாயே என்ற பெயரைக் கல்லுக்குக் கல் பார்க்கலாம். இன்றும் அந்தப் பங்கு அவர்கள் வழிவந்தவர்களுடையதுதான்.

உள்நாட்டுப் போரும் 1865இன் விடுதலையும் இந்த நடுத்தட்டைச் சாய்த்தன. விடுதலை எல்லாருக்கும் வந்தபோது "சுதந்திர மக்கள்" என்ற தனித்தகுதிக்குப் பொருள் இல்லாமல் போனது. பிறகு வந்த பாகுபாட்டுச் சட்டங்களுக்கு இரண்டே நிறம்தான் தெரியும். லூசியானா 1890இல் ரயிலில் தனிப்பெட்டிச் சட்டம் போட்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்ட ஹோமர் பிளெஸ்ஸி நியூ ஆர்லியன்ஸ் கிரியோல். 1896இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு அரை நூற்றாண்டுக்கும் மேல் நாட்டையே பிரித்து வைத்தது.

அடிமை முறை போனாலும் கணக்குப் புத்தகம் போகவில்லை. ஓக்லாண்ட் என்ற பண்ணை இன்று தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கிறது. புருதோம் என்ற பிரெஞ்சுக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். 1821இல் கட்டிய வீட்டின் சுவர் களிமண்ணும், மரங்களில் சடையாகத் தொங்கும் ஒரு வகை நாரும், விலங்கு மயிரும் சேர்த்துப் பிசைந்தது. வைக்கோலை மிதித்து மண்சுவர் வைத்த நம் ஊர்க் கொத்தனாருக்குப் பார்த்ததும் புரியும். அங்கே ஒரு கடை இருக்கிறது. விடுதலைக்குப் பிறகு குத்தகைக்கு உழைத்தவர்கள் விதையும் மாவும் துணியும் அந்தக் கடையில்தான் கடனுக்கு வாங்க வேண்டும். அறுவடையில் கழித்துக்கொள்வார்கள். மீதி இருந்தால் கிடைக்கும். பண்ணையார் வீட்டுக் கணக்கை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மக்னோலியா என்ற இன்னொரு பண்ணையில் அடிமைகள் வாழ்ந்த செங்கல் வீடுகள் எட்டு மிஞ்சியிருக்கின்றன. விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அதே வீடுகளில்தான் குத்தகைக்காரர்கள் குடியிருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1927இல் ஊர் வீதியில் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். தொப்பியைக் கழற்றித் தலை தாழ்த்தி நிற்கும் ஒரு வயதான கறுப்பின மனிதர். "விசுவாசமாக உழைத்த நல்ல கறுப்பர்களுக்கு" நன்றி என்ற பொருளில் கீழே எழுதியிருந்தது. வைத்தவர் ஒரு பணக்காரர், நோக்கம் பாராட்டு. ஆனால் அந்தச் சிலை கறுப்பின மக்களுக்குச் சொன்ன செய்தி வேறு: இப்படி நின்றால்தான் நீ நல்லவன். 1968இல், சிவில் உரிமைப் போராட்டங்களின் காலத்தில், அதை அகற்றினார்கள். இப்போது பேட்டன் ரூஜ் நகரில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர் தன் கிறிஸ்துமஸ் விளக்குத் திருவிழாவைத் தொடங்கியதும் அதே 1927இல்தான். விளக்கைப் பார்க்க வருடா வருடம் கூட்டம் வருகிறது. சிலை நின்ற இடத்தைக் கேட்டால் சிலருக்கே தெரிகிறது.

ஓர் ஊர் எதைச் சிலையாக வைக்கிறது, எதைக் கதையாகச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது அந்தந்தக் காலத்தில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பத்திரங்களும் அதிகாரத்தில் இருந்தவர்கள் எழுதியவைதான். ஆனால் அவர்கள் கணக்குக்காக எழுதினார்கள், பெருமைக்காக அல்ல. அதனால்தான் அவற்றிலிருந்து உண்மை கசிகிறது. ஞானஸ்நானப் பதிவேடும், தவணை ரசீதும், ஆள் விற்ற பத்திரமும் இல்லாவிட்டால் குவான்குவான் ஒரு பாட்டி கதையாக முடிந்திருப்பாள். அல்லது கறை இல்லாத தேவதையாக ஆகியிருப்பாள். இரண்டுமே அவளுக்கும் அநியாயம், அவள் வயலில் உழைத்தவர்களுக்கும் அநியாயம்.

டெக்ஸாஸ் பக்கம் பிள்ளைகள் இருக்கிற நண்பர்கள் ஒரு வார இறுதியில் போய் வாருங்கள். வெயில் நம் ஊர் சித்திரையைத் தோற்கடிக்கும், அதனால் ஐப்பசிக்குப் பிறகு போவது நல்லது. வீதியையும் சோமாசியையும் முதல் நாள் முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் மெல்ரோஸ், தேவாலயம், ஓக்லாண்ட், மக்னோலியா என்ற வரிசையில் ஏரிக்கரைச் சாலையில் போங்கள். பெரிய வீட்டைப் பார்க்கிற அளவு நேரத்தைச் சின்ன வீடுகளுக்கும் கொடுங்கள்.

அமெரிக்கா போக முடியாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், தகரப்பெட்டியில் பழைய பத்திரங்கள், கடன் சீட்டுகள், ஓலைகள், பள்ளிக்கூடப் பதிவேடுகள் இருக்கும். வெள்ளையடிக்கும்போது தூக்கி எறியாதீர்கள். அதில் தாத்தா நிலம் வாங்கிய பெருமையும் இருக்கலாம். யாரிடம் எப்படி வாங்கினார், யாரைப் பண்ணைக்கு வைத்திருந்தார், என்ன கூலி கொடுத்தார் என்ற சங்கடமும் இருக்கலாம். சங்கடமான தாளை முதலில் பத்திரப்படுத்துங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் அதிகம் தேவைப்படும்.